செவ்வாய்க்கிழமை எலிகள்

செவ்வாய்க்கிழமைகளில் எலிகளுக்குக் கால் வீங்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் நன்றாக வீங்கியது. ஏன் என்று மதுமதிக்குத் தெரியவில்லை.

எல்லாம் ஒரே அறையில் வளர்ந்த வெள்ளை எலிகள். ஒரே தீனி, ஒரே வயது, எடையில் பத்து இருபது கிராம் முன்பின் இருக்கலாம். ஊசி போடுகிறவளும் அவள், அளக்கிறவளும் அவள். கிழமை ஒன்றுதான் வேறு. எலிக்குக் கிழமை தெரியுமா?

கால் வீங்காவிட்டால் நல்லதுதானே என்று அவள் கணவன் கார்த்தி ஒருமுறை கேட்டான். வீக்கத்தைக் குறைக்கும் புது மருந்து ஒன்றைச் சோதிப்பது அவள் வேலை. வீக்கம் வந்தால்தான் அது குறைகிறதா என்று பார்க்க முடியும். ஆகவே முதலில் வீங்க வைக்க வேண்டும். அதற்குக் கேரஜீனன் என்று ஒரு மாவு இருக்கிறது. கடலில் வளரும் செம்பாசியிலிருந்து எடுப்பது. ஐஸ்கிரீம் கெட்டியாக நிற்பதற்கும் இதைச் சேர்க்கிறார்கள். தின்றால் ஒன்றும் செய்யாது. ஆனால் உப்புத் தண்ணீரில் கரைத்து எலியின் உள்ளங்காலில் இரண்டு துளி ஏற்றினால், உடம்பு அதை அந்நியன் என்று எடுத்துக்கொள்ளும். அந்த இடத்து ரத்தக் குழாய்கள் விரியும், நீர் கசியும், வெள்ளை அணுக்கள் வந்து குவியும். மூன்றாவது மணி நேரத்தில் பாதம் ஊறவைத்த மொச்சை மாதிரி உப்பியிருக்கும்.

அளப்பதற்கு ஒரு கருவி உண்டு. ஒன்றோடொன்று சேர்ந்த இரண்டு கண்ணாடிக் குழாய்கள், உள்ளே தண்ணீர். எலியின் கணுக்காலில் பேனாவால் ஒரு கோடு போட்டு, அந்தக் கோடு முங்கும்வரை பாதத்தைப் பெரிய குழாயில் இறக்க வேண்டும். பாதம் எவ்வளவு இடத்தை அடைக்கிறதோ அவ்வளவு தண்ணீர் மேலேறும். பக்கத்துக் குழாய் அந்த ஏற்றத்தை எண்ணாகக் காட்டும். நிறைந்த வாளியில் கையை விட்டால் தண்ணீர் வழிகிறதே, அதே கணக்கு. ஊசிக்கு முன் ஓர் அளவு, பிறகு மணிக்கொரு அளவு. பின்னதிலிருந்து முன்னதைக் கழித்தால் வீக்கம்.

ஒரு நாளைக்குப் பன்னிரண்டு எலிகள். ஆறு எலிகளுக்கு மருந்தைக் கோந்துத் தண்ணீரில் கலந்து கொடுப்பாள். மற்ற ஆறுக்கும் வெறும் கோந்துத் தண்ணீர். ஒரு மணி நேரம் கழித்துப் பன்னிரண்டுக்கும் ஊசி. வெறும் எலி எட்டுப் புள்ளி வீங்கி, மருந்து எலி நான்கு புள்ளி வீங்கினால், மருந்து பாதி வீக்கத்தைத் தடுத்திருக்கிறது என்று பொருள். வெள்ளிக்கிழமைகளில் அப்படித்தான் வந்தது. செவ்வாயன்று வெறும் எலியும் நான்கு, மருந்து எலியும் ஏறத்தாழ நான்கு. அந்தத் தாளை மட்டும் பார்க்கிறவர் மருந்து உதவாது என்றுதான் சொல்வார்.

டிசம்பரில் ஒரு செவ்வாய், ஜனவரியில் ஒரு செவ்வாய் இப்படிப் போயின. திங்கட்கிழமைகளில் கூண்டுக்கு உமி மாற்றுகிறார்கள், இடம் புதிதாகிவிட்டதால் எலி மிரண்டிருக்கும் என்று நினைத்து அதைச் சனிக்கிழமைக்கு மாற்றச் சொன்னாள். கேரஜீனன் டப்பாவையும் புதிதாக உடைத்தாள். பிப்ரவரி நடுவில் மூன்றாவது செவ்வாய் வந்தது. வெளியே பனி விலகாமல் வெயில் பால்போல் இருந்தது. பன்னிரண்டரை தாண்டி ஆறாவது வெறும் எலியின் பாதத்தைக் குழாயிலிருந்து எடுத்து, முன் அளவைக் கழித்தபோது எண் நான்கு புள்ளி ஒன்று என்று நின்றது.

அனிமல் ஹவுஸைப் பார்த்துக்கொள்ளும் ஹரிஷங்கர் எட்டிப் பார்த்தார். பலியா மாவட்டத்துக்காரர். பதினாறு வருடமாக எலிகளோடு இருக்கிறவர். இருவரும் பேசுவது இந்தியில்தான்.

"இன்னைக்கும் வீங்கலையா மேடம்ஜி?"

"இல்ல பையா."

"நான்தான் சொன்னேனே. மங்கள்வார், ஹனுமான்ஜி நாள். பஜ்ரங்பலி காப்பாத்துறார்."

"எலிய அவர் ஏன் காப்பாத்தணும்? எலி பிள்ளையாரோட வண்டி."

"ஒரே கடவுள் கம்பெனிதானே? டிபார்ட்மென்ட் வேற, அவ்வளவுதான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிந்ததும் அழுகையும் வரப் பார்த்தது. அந்தப் பன்னிரண்டு எலிகளையும் சோதனை முடிந்த கையோடு மயக்க வாயுவில் வைத்து முடித்துவிட வேண்டும் என்பது விதி. முடிப்பதற்கு முன் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் ரத்தம் எடுத்து, சீரம் என்னும் தெளிந்த நீரைப் பிரித்து, உறைபெட்டியில் வைப்பதும் விதி. இரண்டையும் செய்தாள். குழாய்களில் தேதி எழுதும்போது, பன்னிரண்டும் வீணாகப் போயின என்ற நினைப்பு கையை நிறுத்தி நிறுத்தி எழுத வைத்தது.

*

தலைநகரின் மயூர் விஹார் பகுதியில், வத்சலாவின் வீட்டில் ஓர் அறை மதுமதிக்கு. வத்சலா மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் செக்ஷன் ஆபீசர். இதே ஊரில் மோதி பாக் அரசு குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். அப்பா அம்மா கும்பகோணம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வரல" என்பாள்.

அன்று மதுமதி உள்ளே வந்தபோது அடுப்பில் வெந்தயக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

"ஐ.என்.ஏ. மார்க்கெட்ல சின்ன வெங்காயம் கெடச்சுது மது. கடைக்கார பையா தமிழ்லயே விலை சொல்றான். குறைக்கச் சொன்னா மட்டும் இந்திக்கு மாறிடறான். ஜல்தி கை கழுவிண்டு வா." முகத்தைப் பார்த்துவிட்டுக் கரண்டியை வைத்தாள். "அரே, என்ன ஆச்சு?"

"இன்னைக்கும் வீங்கலக்கா."

"அச்சா. இன்னும் எத்தன எலி இருக்கு?"

"முப்பத்தாறு. எலிக்கு அனுமதி குடுக்கிற கமிட்டியோட கணக்கு அவ்வளவுதான். மூணு செவ்வாக்கிழமயும் கெட்டுப்போச்சு. மூணையும் திரும்பச் செய்யச் சரியா முப்பத்தாறு வேணும். ஒண்ணு வீணானாலும் புதுசா எழுதிக் கேக்கணும். கமிட்டி கூடி, எலி வளந்து வர அஞ்சு மாசம்."

"அப்போ மே?"

மதுமதி கை கழுவப் போனாள். மே மாதம் ஆராய்ச்சியை முடித்துத் தூத்துக்குடிக்குப் போய்விடுவது என்பது எல்லாருக்கும் தெரிந்த ஏற்பாடு. ஜூனில் மகள் சுபிக்ஷா ஒன்றாம் வகுப்பில் சேருகிறாள். முதல் நாள் அம்மா கூட வருவாள் என்று சொல்லி வைத்திருக்கிறது. சொன்னது அம்மாதான்.

சுபிக்ஷா மூன்று வயதுவரை இங்கேதான் இருந்தாள். ஒரு நவம்பர் மாதம் வானம் முழுக்கப் புகையாகி, குழந்தைக்கு நெஞ்சில் விசில் கேட்கத் தொடங்கியது. ஒன்பது நாள் முகத்தில் மூடி வைத்து மருந்துப்புகை பிடித்தார்கள். பத்தாவது நாள் கார்த்தி வந்து தூக்கிக்கொண்டு போனான். அவன் துறைமுகத்தில் கிரேன்களுக்கு மின்சார வேலை பார்க்கிறவன். இரண்டு வருடத்துக்கு மேலாயிற்று. குழந்தைக்கு அங்கே நெஞ்சில் ஒன்றும் இல்லை. எத்தனை சென்டிமீட்டர் வளர்ந்தாள் என்பதைக் கதவு நிலையில் கோடு போட்டு அவன் படம் அனுப்புவான். புள்ளிக்குப் பின்னால் இரண்டு தானம்வரை எலியின் பாதத்தை அளக்கிறவளுக்கு, மகளின் காலுக்குச் செருப்பு வாங்க அளவு தெரியாது. நோட்டுத்தாளில் பாதத்தை வைத்து வரைந்து அனுப்பச் சொல்லித்தான் போன தீபாவளிக்கு வாங்கினாள். அது போய்ச் சேர்ந்தபோது சிறியதாக இருந்தது.

எட்டு மணிக்குப் போனில் கார்த்தி வந்தான்.

"சாப்ட்டியளா?" என்றாள்.

"ஆச்சு. தோசையும் மீன்கொழம்பும். அக்கா குடுத்துவிட்டா. நீ என்ன, மூஞ்சி வாடிக் கெடக்கு?"

சொன்னாள். அவன் தாடையைச் சொறிந்துகொண்டு கேட்டான். "ஏ மதி, எலிக்குச் செவ்வா தோஷம் இருக்குமோ? பொருத்தம் பாக்காம வாங்கிட்டிய போல."

"வெளையாடாதிய."

"சரி, வெள்ளிக்கெழம மட்டும் பண்ணு. சோலி முடிஞ்சுது."

"அப்பிடி முடியாதுங்க. காரணம் தெரியாம மூணு நாள் கணக்கத் தூக்கிப் போட்டா, புடிச்ச எண்ண வச்சிக்கிட்டு புடிக்காதத ஒளிச்ச மாதிரி. அது களவு. நாளைக்கு வெள்ளிக்கெழமயும் வீங்காமப் போனா என்ன சொல்லுவேன்? எங்க கைடு மேடமும் அதத்தான் சொல்லுவாங்க."

"பெறவு என்ன செய்ய?"

"தெரியல. சுபி எங்க?"

அவன் போனைத் திருப்பினான். சுபிக்ஷா சுவரைப் பார்த்துக்கொண்டு கட்டிலில் படுத்திருந்தாள். பின்னலும் முதுகும்தான் தெரிந்தன.

"சுபி, அம்மா பேசுதா, பாரு."

"பேச மாட்டேன்."

"ஏன்ட்டி?"

"அம்மா பொய் சொல்லுதா. பொங்கலுக்கு வாரேன்னா. வரல. பள்ளிக்கூடத்துக்கும் வர மாட்டா. எலிக்குத்தான் ஊசி போடுவா."

"வருவேன் சுபி," என்றாள் மதுமதி.

"எலிக்கு வலிக்குமா?" என்று சுவரிடம் கேட்டாள் குழந்தை.

"வலிக்கும்."

"அப்பொ ஏன் போடுத?"

"ஆச்சிமாருக்கெல்லாம் மூட்டு வீங்கி வலிக்குல்லா? அதுக்கு இப்பொ இருக்கிற மாத்திர வயித்தப் புண்ணாக்குது. புண்ணாக்காத மாத்திர கண்டுபிடிக்கோம். அதுக்கு."

முதுகு அசையவில்லை. கார்த்தி போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். அங்கே மின்விசிறி சுழலும் சத்தம் கேட்டது. இங்கே அவள் சால்வை போர்த்தியிருந்தாள்.

*

மேடம் தாளை ஒரு தடவைதான் பார்த்தார்.

"காரணம் கண்டுபிடிக்கும்வரை ஒரு எலியைக்கூடத் தொடாதே," என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். "செப்டம்பரில் நீ ஒத்திகை பார்த்தபோது செவ்வாய்க்கிழமையும் வீங்கியது. ஆகவே கிழமை காரணமில்லை. கிழமையோடு சேர்ந்து வரும் வேறு ஏதோ ஒன்று, செப்டம்பருக்கும் டிசம்பருக்கும் நடுவில் வந்திருக்கிறது. அது என்ன?"

மதுமதி ஒரு நோட்டில் பட்டியல் எழுத ஆரம்பித்தாள். அறைச் சூடு. விளக்கு எரியும் நேரம். தண்ணீர்ப் புட்டி கழுவும் சோப்பு. முந்தின இரவு பட்டினி போட்டது சரியாக எத்தனை மணி நேரம். தன் கைக்குளிர்ச்சி. தலைக்குத் தேய்க்கும் எண்ணெயைக்கூட எழுதினாள், எலிக்கு மூக்குதான் உலகம் என்பதால். ஹரிஷங்கர் செவ்வாய்தோறும் விரதம் என்பதால் அவர் நெற்றியில் வைக்கும் செந்தூரத்தின் வாசனையும் பட்டியலில் ஏறியது.

"என்னைச் சந்தேகப்படுறீங்களா மேடம்ஜி?"

"எல்லாரையும்தான். என்னையும் எழுதியிருக்கேன், பாருங்க."

"அப்ப சரி." அடுத்த செவ்வாயன்று செந்தூரம் இல்லாமல் வந்து கைகட்டி நின்றார். "பஜ்ரங்பலிகிட்ட லீவ் கேட்டுட்டேன். சீக்கிரம் கண்டுபிடிங்க. நெத்தி வெறிச்சுனு இருக்கு."

ஒவ்வொன்றாகச் சரிபார்த்து அடித்துக்கொண்டே வந்தாள். பிப்ரவரி போயிற்று. சால்வை பெட்டிக்குள் போயிற்று. இலவமரங்களில் இலை முழுவதும் கொட்டி, தடித்த சிவப்புப் பூக்கள் சாலையில் விழுந்து வாகனங்களில் நசுங்கின. ஹோலி முடிந்து எலிகளின் கூடத்துக்கு வந்த பையன்களின் காதோரத்தில் இளஞ்சிவப்பு ஒட்டியிருந்தது. பட்டியலில் எல்லாம் அடிபட்டுவிட்டது. முப்பத்தாறு எலிகளும் தினம் தின்று எடை ஏறிக்கொண்டிருந்தன. இன்னும் ஒரு மாதம் போனால் சோதனைக்குரிய எடையைத் தாண்டிவிடும். வத்சலாவிடம் அவள் எதுவும் சொல்லவில்லை. ஆனால் ஒரு நாள் வத்சலாவே, "ஜூனுக்கு அப்பறமும் ரூம் வேணும்னா சொல்லு, நான் யாருக்கும் தரல," என்றாள். அது ஆறுதலாகச் சொன்னது. மதுமதிக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

*

மார்ச் கடைசிச் செவ்வாய். காலை பதினொன்று இருக்கும். எலிகளை எடை பார்த்துவிட்டு, கையுறையைக் கழற்றி, முன்னறைக்கு வந்தாள். எலி அறைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. முன்னறையில் ஜன்னல் ஓரத்து ஆணியில் பையை மாட்டி வைப்பாள். போன் பைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தது. இந்த நேரத்தில் கார்த்தி கூப்பிடமாட்டான். அவசரமாக எடுத்தாள்.

"என்னங்க? சுபிக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல, பயப்படாத. பல்லு விழுந்துட்டு. இன்னைக்கு லீவுலா, வீட்லதான் இருக்கோம். அம்மாட்டதான் மொதல்ல காட்டணும்ங்கா. அத்தைக்குக்கூடக் காட்டல, கைக்குள்ளயே பொத்தி வச்சிருக்கா."

திரையில் சுபிக்ஷாவின் முகம் முழுக்க வந்தது. ஐந்து வாரத்தில் முதல் தடவை. கீழ்வரிசையில் நடுவே ஓர் ஓட்டை. பிறகு உள்ளங்கை வந்தது; அரிசிக் குருணை மாதிரி ஒரு பல்.

"யம்மா, பாத்தியா?"

"பாத்தேன் சுபி. வலிச்சுதா?"

"இல்ல. முறுக்கு கடிச்சேன். டக்குனு வந்துட்டு. ரத்தம் இம்புட்டுதான்." விரல்நுனியைக் காட்டினாள். "நீ வாரதுக்குள்ள புதுப் பல்லு வந்துருமா?"

"கொஞ்சம் வந்திருக்கும்."

"அப்பொ ஓட்டய நீ பாக்கவே மாட்டியா?"

"இப்பொ பாக்கேம்லா."

"போன்ல சின்னதாத் தெரியும்." குழந்தை சட்டென்று முகத்தைப் பின்னுக்கு இழுத்தாள். "யம்மா, அங்க யாரு கத்துதா?"

"யாரும் கத்தலியே."

"கத்துதாவ. கரடி மாதிரி. எனக்குப் பயமா இருக்கு."

"இல்ல சுபி, இங்க யாரும்..."

"கேக்குல்லா!" என்று பின்னாலிருந்து கார்த்தி சொன்னான். "எனக்கும் கேக்கு மதி. இரும்புக் கேட்டத் தரையில இழுத்த மாதிரி. என்ன சத்தம் அது?"

மதுமதி போனைத் தாழ்த்திக் காதைக் கொடுத்தாள். ஜன்னலுக்கு வெளியே, மிக அருகில், தொண்டைக்குள்ளிருந்து உரசிக்கொண்டு வரும் அதட்டல் ஒன்று எழுந்தது. நின்றது. மறுபடி எழுந்தது.

"ஓ, அதுவா," என்றாள். "அது லங்கூர்க்காரர். குரங்கு வெரட்ட வருவார். கருமூஞ்சிக் குரங்கு மாதிரிக் கத்துனா மத்த குரங்கெல்லாம் ஓடிரும். எங்களுக்குப் பழகிட்டு..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். அவளுக்குப் பழகிவிட்டது. மாதக்கணக்காகப் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் போல அது காதில் விழுந்து, விழுந்த மாதிரியே தெரியாமல் போய்க்கொண்டிருந்தது. அந்தச் சுவருக்கு உள்பக்கம்தான் எலிகளின் அறை. பட்டியலில் வாசனை இருந்தது, சூடு இருந்தது, சோப்பு இருந்தது. சத்தம் இல்லை.

"மதி? லைன்ல இருக்கியா?"

"சுபி, அம்மா அப்பறம் கூப்பிடுதேன். பல்லப் பத்திரமா வையி."

"எதுக்கு ஓடுத?"

"அவரப் பாக்கப் போறேன்."

*

வேப்பமரத்தடியில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், கழுத்தில் மஃப்ளர் சுற்றி, கையில் மூங்கில் கழியோடு நின்றிருந்தார். பெயர் குல்ஃபாம் என்றார். எலி அறையின் ஜன்னல் அவர் தலைக்கு இரண்டு அடி மேலே இருந்தது.

"நீங்க தினமும் இங்கதான் நிப்பீங்களா?"

"தினமும் எங்க மேடம்? வேற ரெண்டு ஆபீஸ் இருக்கு. இங்க செவ்வாய் மட்டும். செவ்வாயன்னைக்குத்தான் ஜனங்க கேட்டுக்கு வெளியில வாழைப்பழம், கடலை, வெல்லம் எல்லாம் போடுவாங்க. ஹனுமான்ஜி பேர்ல. ரிட்ஜ் காட்டுல இருக்கிற குரங்கு முழுக்க அன்னைக்கு இங்க ஆஜர். தின்னு முடிச்சதும் இந்த மரத்து வழியா உள்ள இறங்கும்."

"எப்போலேருந்து வர்றீங்க?"

"தீபாவளி கழிச்சு. முன்னாடி அட்டையில லங்கூர் படம் வெட்டி வச்சிருந்தாங்க. குரங்கு அதுமேல உக்காந்து பேன் பாத்துது." அவர் சிரித்தார். பிறகு சிரிப்பு மெல்ல வடிந்தது. "ஏதும் தப்பா மேடம்? கம்ப்ளெயின்ட் எழுதிடாதீங்க. கான்ட்ராக்டர் வேற ஆளப் போட்டுருவான்."

"இல்ல, இல்ல. எத்தன மணிக்கு வந்து எத்தன மணிக்குப் போவீங்க? அது மட்டும் சொல்லுங்க."

"எட்டரைக்கு வருவேன். ஒரு மணி, ஒண்ணேகால்."

அவள் மருந்து கொடுப்பது எட்டரைக்கு. ஊசி ஒன்பதரைக்கு. கடைசி அளவு ஒன்றரைக்கு.

"உள்ள எலிங்க இருக்கு," என்றாள். "உங்க சத்தத்துக்குப் பயப்படுதுன்னு நினைக்கிறேன்."

குல்ஃபாமுக்கு அது கௌரவக் குறைச்சலாகப் பட்டது. "எலிக்கு நான் எதுக்கு மேடம் கத்தணும்? எலி வெரட்ட வேற ஆள் பாக்கணும். அதுக்குப் பூனைச் சத்தம். அது என் வேலை இல்ல."

*

இரவு வத்சலா இட்லி மாவைக் கரைத்துக்கொண்டே கேட்டாள்: "சத்தம் போட்டா பயப்படும், சரி. பயந்தா கால் ஏன் வீங்காது?"

மதுமதிக்கு ஐந்து வாரமாக இல்லாத குரல் திரும்பியிருந்தது. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "சிறுநீரகத்துக்கு மேல தொப்பி மாதிரி ஒரு சுரப்பி இருக்குக்கா. பயம் வந்தா அது ஒரு ஹார்மோனை ரத்தத்துல விடும். ஆஸ்துமாவுக்கு, வீக்கத்துக்கு டாக்டர் ஸ்டீராய்டு எழுதறாங்கல்ல, அதோட சொந்தக்காரன். ஓடித் தப்பிக்கணும்னு இருக்கும்போது கால் வீங்கிக் கெடந்தா எப்படி ஓடறது? அதனால உடம்பு, வீக்கத்த அப்புறம் பாத்துக்கலாம்னு அமுக்கி வைக்கும். காலம்பற எட்டரைலேருந்து அந்தச் சத்தம். வெறும் எலின்னு நான் நெனச்ச எலி வெறும் எலியே இல்ல. தானே மருந்து போட்டுக்கிட்ட எலி. மருந்து எலியும் மருந்து எலியும் போட்டி போட்டா எப்படி வித்தியாசம் தெரியும்?"

"அச்சா! அப்போ எங்க ஆபீஸ்ல யாருக்கும் முட்டியே வீங்கக் கூடாதே. டைரக்டர் பத்து மணிக்கே கத்த ஆரம்பிச்சுடறார்."

"தினமும் கத்தினா அது வேற கதைக்கா. உடம்பு கெட்டுப்போகும்."

"அதான் எனக்கு பி.பி." வத்சலா மாவுக் கையால் நெற்றியைத் தொடப்போய் நிறுத்தினாள். "சரி, இது நீ சொல்றது. உங்க மேடம் நம்பணுமே. எலியும் எடுக்கக் கூடாதுங்கறா."

"எலி வேண்டாம். ஃப்ரீசர்ல இருக்கு."

மேடம் நம்பவில்லை, நம்புவது அவர் வேலையும் இல்லை. ஆனால் உறைபெட்டியைத் திறக்க உடனே கையெழுத்துப் போட்டார். மூன்று செவ்வாய், மூன்று வெள்ளி, எழுபத்திரண்டு சின்னக் குழாய்கள். ஒவ்வொன்றிலும் அந்த ஹார்மோன் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். அதற்கான தட்டில் வரிசையாகக் குழிகள் இருக்கும். சீரத்தைச் சேர்த்து, நிறம் ஊட்டும் திரவத்தை விட்டால், ஹார்மோன் கூடுதலாக இருக்கும் குழி வெளிறும், குறைவாக இருக்கும் குழி அடர் மஞ்சளாகும். எந்தக் குழாய் எந்தக் கிழமை என்று தெரியாதபடி எண்களை மறைத்து, தட்டில் விடும் வேலையை மேடமே செய்தார். அரை மணி நேரத்தில் தட்டு இரண்டாகப் பிரிந்து நின்றது. மஞ்சளாக ஒரு பாதி. வெளிறி ஒரு பாதி. எண்களைத் திறந்து பார்த்தபோது வெளிறியவை எல்லாம் செவ்வாய்க்கிழமைகள். ஒரு வெள்ளிக்கிழமை எலி மட்டும் வெளிறியிருந்தது. ஊசி போடும்போது மதுமதியின் கட்டைவிரலைக் கடித்த எலி அது.

மேடம் தட்டை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"இது காரணம்," என்றார். "இதை எழுதிவிட்டுப் பழைய செவ்வாய்களை நீக்கலாம். யாரும் கேள்வி கேட்க முடியாது. ஆனால் அடுத்த செவ்வாய் வீங்கிக் காட்ட வேண்டும். பன்னிரண்டு எடுத்துக்கொள். பதின்மூன்று கிடையாது."

*

ஏப்ரல் முதல் வாரச் செவ்வாய். காலை ஏழரைக்கே வெயில் உறைத்தது. ஹரிஷங்கர் நெற்றியில் செந்தூரம் திரும்பியிருந்தது. கேட்டுக்கு வெளியே வாழைப்பழத் தோல்கள் கிடந்தன. இரண்டு குரங்குகள் மதில்மேல் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தன. வேப்பமரத்தடியில் யாரும் இல்லை.

எட்டரைக்கு மருந்து. ஒன்பதரைக்கு ஊசி. உள்ளங்காலில் ஊசி இறங்கும்போது ஒவ்வொரு எலியும் ஒருமுறை காலை உதறியது. "கொஞ்சம் பொறுத்துக்கோ," என்று அவள் வழக்கம்போல் சொன்னாள். பத்தரைக்கு முதல் அளவு. வெறும் எலிக்கும் மருந்து எலிக்கும் பெரிய வித்தியாசமில்லை. அந்த நேரத்தில் இருக்கவும் கூடாது. பதினொன்றரைக்கு இரண்டு வரிசையும் பிரியத் தொடங்கின. ஹரிஷங்கர் காரணமே இல்லாமல் மூன்று தடவை உள்ளே வந்து தண்ணீர்ப் புட்டியைப் பார்த்துவிட்டுப் போனார். மதிலிலிருந்து ஒரு குரங்கு இறங்கி ஜன்னல் கம்பியைப் பிடித்து உள்ளே பார்த்தது. எலிகள் அதைக் கண்டுகொள்ளவில்லை.

பன்னிரண்டரைக்கு மூன்றாம் மணி அளவு. முதல் வெறும் எலியின் பாதம் கைக்கே கனமாகத் தெரிந்தது. தோல் பளபளவென்று இழுத்திருந்தது. கோடு முங்கும்வரை இறக்கி, முன் அளவைக் கழித்தாள். ஏழு புள்ளி ஒன்பது. அடுத்தது எட்டு புள்ளி இரண்டு. அடுத்தது ஏழு புள்ளி ஏழு. எழுதும்போது எழுத்து கோணிக்கொண்டு போயிற்று. மருந்து குடித்த ஆறு எலிகளும் மூன்றரைப் புள்ளிக்கும் நான்கரைப் புள்ளிக்கும் நடுவில் நின்றன.

"வீங்கிடுச்சா?" என்றார் ஹரிஷங்கர் கதவுக்கு வெளியிலிருந்து.

"வீங்கிடுச்சு பையா."

அவர் கைகூப்பினார். யாரை நோக்கி என்று அவள் கேட்கவில்லை. மீதி வேலைகள் இருந்தன: நான்காம் மணி அளவு, பிறகு மயக்க வாயு, ரத்தம், குழாய், தேதி. எல்லாம் முடித்து, கையைக் கழுவி, முன்னறைக்கு வந்து போனை எடுத்தபோது மணி மூன்று.

கார்த்தி கிரேன் நிழலில் நின்றுகொண்டு எடுத்தான். பின்னால் கப்பல் ஒன்றின் வயிறு தெரிந்தது.

"என்ன ஆச்சு?"

"வீங்கிட்டு."

"உள்ளதாவா?"

"மூணாம் மணிக்கு எட்டு. மருந்துக்கு நாலு. வெள்ளிக்கெழம மாதிரியே இருக்கு. இன்னும் இருபத்திநாலு எலிதான். இந்த வெள்ளி, அடுத்த செவ்வா. பெறவு எழுத்து வேல. மே பதினெட்டுக்கு டிக்கெட் போடுங்க."

தலைக்கவசத்தைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டான். வெயிலில் வியர்த்திருந்தது.

"ஒரு டிக்கெட்தான?" என்றான். "திரும்பிப் போக வேண்டாம்லா?"

"ஒண்ணுதான்."

"சுபிட்ட நான் சொல்லட்டா, நீ சொல்லுதியா?"

"டிக்கெட்டக் கையில வச்சிக்கிட்டுச் சொல்லுங்க. இல்லன்னா நம்ப மாட்டா."

"அதுஞ்சரிதான்." அவன் மூக்கை உறிஞ்சினான். "ஆமா, அஞ்சு வாரமா மண்டைய ஒடச்சிக்கிட்டுக் கெடந்தியே. கடேசில என்னதான் செஞ்ச?"

"பெருசா ஒண்ணுமில்லங்க. காலம்பற ஹாஸ்டல் பக்கம் குரங்கு வெரட்டட்டும், எங்க செவத்துப் பக்கம் ரெண்டு மணிக்கு மேல வந்தாப் போதும்னு குல்ஃபாம்ட்ட சொல்லிட்டேன்."